பள்ளி விடுமுறையில் மலையேறும் ஊர்

கிர்கிஸ்தானைப் பற்றித் தேடினால் முதலில் கண்ணில் படுவது ஒரே மாதிரியான படம்தான்: பச்சைப் புல்வெளி, நீல ஏரி, வெள்ளை வட்டக் கூடாரம், பக்கத்தில் சேணம் பூட்டிய குதிரை. படம் பொய்யில்லை, ஆனால் அது ஜூலை மாதத்துப் படம். அந்தக் கூடாரத்துக்காரர்களைப் பிப்ரவரியில் தேடிப் போனால், அடிவாரக் கிராமம் ஒன்றில் சுண்ணாம்பு அடித்த சுவரும் நீலச் சட்டமிட்ட சன்னலுமாக ஒரு வீடு இருக்கும். தொழுவத்துக் கூரைமேல் உலர்ந்த புல் போராகக் குவிந்திருக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருப்பார்கள். கூடாரமோ மடித்துக் கட்டப்பட்டுக் கொட்டகையில் கிடக்கும்.

"நாடோடிகளைப் பார்க்கப் போகிறோம்" என்று கிளம்புகிறவர்கள் உண்மையில் பார்க்கப்போவது ஒரு கிராமத்தின் கோடைப் பாதியை. குளிர்காலப் பாதி கீழே இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போதுதான் மேலே நடக்கும் காரியங்களுக்குக் காரணம் புரிகிறது. எப்போது போகலாம், எந்த வழியில் போகலாம், எங்கே தங்கலாம் என்ற கேள்விகளுக்கும் விடை அங்கிருந்தே கிடைக்கிறது என்பது என் எண்ணம்.

இதைப் பார்க்கத் தோதான ஊர் கோச்கோர். தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில், நாரின் மாகாணத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 'மர்ஷ்ருத்கா' எனப்படும் சிறு வேனில் மூன்று, நான்கு மணி நேரப் பயணம். ஊர்ப் பெயருக்குக் கிர்கிஸ் மொழியில் கிடாய் என்று பொருள். இங்கிருந்து மேலே ஏறினால் சோங் கோல் ஏரி. உயரம் 3,016 மீட்டர். நீளம் 29 கிலோமீட்டர், அகலம் 18 கிலோமீட்டர். கரையில் மரம் என்று ஒன்றுகூடக் கிடையாது. சுற்றிலும் புல், புல், புல்.

அந்தப் புல்தான் எல்லாவற்றுக்கும் மூலம்.

நான்கு பருவம், நான்கு இடம்

கிர்கிஸ் மொழியில் மேய்ச்சல் நிலத்துக்குப் பருவத்துக்கு ஒரு பெயர் உண்டு. குளிர்காலத்தில் தங்குமிடம் 'கிஷ்தோ'. வசந்தத்தில் 'ஜஸ்தோ'. கோடையில் 'ஜைலோ'. இலையுதிர் காலத்தில் 'குஸ்தோ'. பனி உருக உருக, புல்லின் பச்சை அடிவாரத்திலிருந்து மெல்ல மெல்ல மேலே ஏறுகிறது. மந்தையும் அதன் பின்னாலேயே ஏறுகிறது. இலையுதிர் காலத்தில் பனி மேலிருந்து கீழே இறங்க, மந்தை அதற்கு முன்னால் இறங்குகிறது. மனம்போன போக்கில் திரிவதாக வெளியார் நினைத்த வாழ்க்கை, கணக்குத் தப்பாத ஒரு பஞ்சாங்கத்தில் ஓடியது.

'அயில்' என்ற சொல்லின் கதை இதைவிடச் சுவையானது. இன்று அதற்குக் கிராமம் என்று பொருள். முன்பு, ஒன்றாகச் சேர்ந்து இடம்பெயரும் உறவுக் குடும்பங்களின் கூடாரத் தொகுதியைத்தான் அயில் என்றார்கள். நகர்ந்துகொண்டிருந்த ஊர் ஓரிடத்தில் நின்றபோது சொல்லும் அதோடு நின்றுவிட்டது.

அந்த நிற்றல் தானாக நடக்கவில்லை. 1920களின் கடைசியிலும் 1930களிலும் சோவியத் அரசு கால்நடைகளைக் கூட்டுப்பண்ணைக்குள் கொண்டுவந்து, மக்களை நிலையான கிராமங்களில் குடியமர்த்தியது. ஆனால் புல் மலைமேல்தானே இருக்கிறது? ஆகவே இடம்பெயர்தல் அழியவில்லை, அரசுச் சம்பளத்துக்குச் செய்யும் வேலையாக மாறியது. 'சபான்' என்று அழைக்கப்பட்ட மேய்ப்பர்களைக் கூட்டுப்பண்ணையே லாரியில் ஏற்றி ஜைலோவுக்கு அனுப்பியது. கால்நடை மருத்துவர் வந்தார், கடை வந்தது. மேலே போனவர்கள் சிலர். மற்றவர்கள் கிராமத்திலேயே ஆசிரியராகவும் கணக்கராகவும் டிராக்டர் ஓட்டுநராகவும் இருந்தார்கள்.

1991-இல் நாடு விடுதலை பெற்ற பிறகு கூட்டுப்பண்ணைகள் கலைந்தன. ஆடுகள் குடும்பங்களுக்குப் பங்கிடப்பட்டன. சம்பளம் நின்றது, சந்தை சரிந்தது. மாவுக்கும் எண்ணெய்க்கும் துணிக்கும் ஆட்டைத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. விடுதலைக்கு முன் ஒரு கோடியை ஒட்டி இருந்த செம்மறியாடு, வெள்ளாடுகளின் எண்ணிக்கை சில ஆண்டுகளிலேயே பாதிக்கும் கீழே போனது. பத்து ஆடு வைத்திருக்கும் குடும்பம் அதற்காக லாரி பிடித்து மூன்று நாள் பயணமாக மலைக்குப் போக முடியுமா? முடியவில்லை. பாலங்கள் விழுந்தன, பாதைகள் மண்ணரித்துப் போயின. தொலைவிலிருந்த ஜைலோக்கள் மேய்ப்பாரின்றிக் கிடக்க, ஊரை ஒட்டிய நிலம் கட்டாந்தரையானது. இன்று நாம் காணும் கோடைக் கூடாரங்களில் பல, அந்தச் சரிவுக்குப் பிறகு குடும்பங்கள் தாங்களாகவே மீண்டும் கட்டி எழுப்பியவை. தொன்மையான வாழ்க்கை இடையறாமல் வந்திருக்கிறது என்று நினைப்பதைவிட, அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டு இணைத்திருக்கிறார்கள் என்று சொல்வதுதான் அந்த மக்களுக்குச் செய்யும் மரியாதை.

2009-இல் வந்த மேய்ச்சல் நிலச் சட்டம் இந்த முடிச்சுகளில் முக்கியமானது. அதற்கு முன் ஊரை ஒட்டிய நிலம் ஓர் அலுவலகத்தின் கையில், தொலைவிலுள்ள ஜைலோ வேறோர் அலுவலகத்தின் கையில் என்று பிரிந்து கிடந்தது. ஒரே மந்தை ஓர் ஆண்டில் பல அதிகாரிகளிடம் அனுமதி கேட்க வேண்டிய நிலை. புதிய சட்டம் பொறுப்பை உள்ளூர் மேய்ச்சல் குழுக்களிடம் ஒப்படைத்தது. குடும்பங்கள் தங்கள் மந்தையின் அளவுக்கேற்பக் கட்டணம் கட்டி, மேய்ச்சல் சீட்டு வாங்கிக்கொண்டு மலையேறுகின்றன. தன் ஆடுகளோடு, மேலே போக முடியாத அக்கம்பக்கத்தாரின் ஆடுகளையும் தலைக்கு இவ்வளவு என்று மாதக் கூலிக்கு ஓட்டிப்போகும் மேய்ப்பர்கள் உண்டு. மலைச்சரிவில் நகரும் ஒரு மந்தைக்குப் பல வீட்டுச் சொந்தக்காரர்கள் இருக்கலாம். யாருடையது எது என்பதைக் காதிலுள்ள வெட்டுக்குறியும் முதுகிலுள்ள சாய அடையாளமும் சொல்லும்.

பிறகு பள்ளிக்கூடம். மே மாதக் கடைசியில் வகுப்புகள் முடிகின்றன, செப்டம்பரில் திறக்கின்றன. மலைப் புல்லின் பருவமும் ஏறத்தாழ அதே ஜூன், ஜூலை, ஆகஸ்டுதான். ஜைலோவில் பிள்ளைகள் ஓடியாடுவதும், பள்ளி திறக்கும் வாரத்தில் கூடாரங்கள் ஒவ்வொன்றாகக் காலியாவதும் இதனால்தான். பயணத் தேதியை முடிவு செய்யும்போது வானிலையைப் பார்ப்பதோடு இதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கூடாரத்துக்குள்

கிர்கிஸ் மக்கள் தங்கள் கூடாரத்தை 'போஸ் உய்' என்கிறார்கள். சாம்பல் நிற வீடு என்று பொருள். சுவராக நிற்கும் குறுக்குநெடுக்கான மரச்சட்டம் 'கெரெகே'. விரித்தால் அகலும், மடித்தால் ஒடுங்கும். அதிலிருந்து வளைந்து மேலே செல்லும் கம்புகள் 'ஊக்'. எல்லாம் சென்று சேரும் உச்சி வளையம் 'துந்துக்'. சட்டத்தின் இணைப்புகளைப் பதனிடாத தோல்வாரால் கட்டுகிறார்கள். பெரும்பாலும் வில்லோ மரத்தில் செய்து செந்நிறம் பூசுகிறார்கள். கழற்றி மூட்டைகட்டி விலங்கின் முதுகில் ஏற்றவேண்டும் என்பதே இந்த வடிவத்தின் தர்க்கம். புகை வெளியேறுவதும் வெளிச்சம் உள்ளே வருவதும் துந்துக் வழியாகத்தான். 1992-இல் ஏற்ற தேசியக் கொடியின் நடுவிலும் அதைத்தான் வைத்தார்கள், சூரியனுக்குள்.

போஸ் உய் வெறும் மேய்ச்சல் காலக் குடில் என்று நினைத்துவிடக் கூடாது. ஒருவர் இறந்தால் வீட்டு முற்றத்தில் அதை நிறுத்தி, உடலை அதற்குள்தான் கிடத்துகிறார்கள். பெண்கள் 'கோஷோக்' என்ற ஒப்பாரி பாடுகிறார்கள். நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலிலும் இந்தக் காட்சியைக் காணலாம். கூடாரம் செய்யும் அறிவை 2014-இல் யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அதை உயிரோடு வைத்திருப்பதில் ஏரிக்கரைக்குப் பங்கிருப்பதைப் போலவே இந்தத் துக்க முற்றத்துக்கும் பங்கிருக்கிறது.

உள்ளே நுழையும்போது நிலைப்படியை மிதிக்கக் கூடாது. வாசலுக்கு நேரெதிரே இருக்கும் உயர்ந்த இடம் 'தோர்'. மூத்தவர்களுக்கும் விருந்தாளிக்கும் அங்கேதான் இருக்கை. நுழைகிறவருக்கு வலப்பக்கம் பெண்களின் பகுதி. பாத்திரம், பால், மாவு எல்லாம் அங்கே. இடப்பக்கம் ஆண்களின் பகுதி. சேணமும் சாட்டையும் அங்கே. ரொட்டியைக் கவிழ்த்து வைக்கக் கூடாது. தேநீரை அரைக் கிண்ணம்தான் ஊற்றுவார்கள். கஞ்சத்தனமென்று எண்ணிவிட வேண்டாம். இன்னும் இருங்கள், சூடாக மறுபடி ஊற்றித் தருகிறோம் என்பதே அதன் செய்தி. சாப்பிட்டு முடித்ததும் பெரியவர் வாழ்த்துச் சொல்ல, எல்லோரும் உள்ளங்கைகளால் முகத்தைத் தடவிக்கொள்வார்கள். அதற்குப் பிறகு தட்டில் கை வைப்பதில்லை.

ஜைலோவின் நாள்பொழுது யாரைச் சுற்றி ஓடுகிறது என்று கேட்டால், பெட்டைக்குதிரையைச் சுற்றி என்பேன். பசுவைப்போல் காலை, மாலை கறந்தால் போதாது. அதன் மடி சிறியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, பகலில் ஐந்தாறு தடவை கறக்க வேண்டும். குட்டி வாய் வைத்தால்தான் பால் இறங்கும். ஆகவே தரையோடு கட்டிய நீளக் கயிற்றில் குட்டிகளை வரிசையாகக் கட்டி வைக்கிறார்கள். தாய்கள் தாமாகவே வந்து நிற்கின்றன. அந்தப் பாலைப் புளிக்கவைத்துக் கடைந்தால் 'கிமிஸ்'. முன்பு புகையூட்டிய தோல்பையில் புளிக்கவைத்தார்கள். இன்று மரப்பீப்பாயும் பிளாஸ்டிக் கலனும் புழங்குகின்றன. லேசான புளிப்பு, லேசான புகை மணம், மிக லேசான போதை. கடையும் மத்துக்கு 'பிஷ்கெக்' என்று பெயர். தலைநகரின் பெயர் அதிலிருந்துதான் வந்தது என்று கதை சொல்வார்கள். முதல் முறை குடிப்பவர்கள் ஒரு கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்வது வயிற்றுக்கு நல்லது.

மரமில்லாத நாட்டில் அடுப்பெரிப்பது எதைக்கொண்டு? சாணத்தை உலர்த்தி வறட்டியாக்கி எரிக்கிறார்கள். 'தெசெக்' என்று பெயர். கொழுப்பில் பொரித்த 'போர்சொக்' என்ற மாவுத்துண்டுகள், கெட்டிப் பாலாடையான 'கைமாக்', உலர்தயிர் உருண்டையான 'குருத்', பழ ஜாம் எப்போதும் விரிப்பில் இருக்கும். மரக்கறி உண்பவர்கள் இவற்றோடு உருளைக்கிழங்கு, நூடுல்ஸ் என்று சமாளிக்க முடியும், ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். விருந்தினருக்காக ஆடு அறுத்த பிறகு சொன்னால் அந்த வீட்டுக்கு அது பெரிய வருத்தம். பிஷ்கெக்கில் மருத்துவம் படிக்கும் தமிழ் மாணவர்கள் கோடை விடுமுறையில் மலைக்குப் போவதுண்டு. அவர்களிடம் கேட்டால் இதில் எதைச் சாப்பிடலாம் என்று தெளிவாகச் சொல்வார்கள்.

குதிரையேறி இரண்டு நாள்

கோச்கோரிலிருந்து ஏரிக்குக் காரில் சில மணி நேரத்தில் போய்விடலாம். வழியில் தாண்டும் கல்மாக் அஷூ கணவாயின் உயரம் 3,446 மீட்டர். பலரும் இப்படித்தான் போகிறார்கள், இரவில் தலைவலியோடு படுக்கிறார்கள். 1,800 மீட்டரிலிருந்து ஒரே மூச்சில் 3,000 மீட்டருக்குப் போய்த் தூங்குவதை உடல் எளிதில் ஏற்பதில்லை. மாற்று வழி, மேற்கே உள்ள கிசார்த் கிராமத்துக்குப் போய், அங்கிருந்து குதிரையில் ஏறுவது. முதல் நாள் கிளெம்சே புல்வெளியில் இரவு தங்கல். மறுநாள் துஸ் அஷூ கணவாயைத் தாண்டினால், சுமார் 3,400 மீட்டர் உயரத்திலிருந்து ஏரி முழுவதும் காலடியில் விரியும். மந்தை எப்படிப் படிப்படியாக ஏறுகிறதோ அப்படியே மனிதரும் ஏறுவதால் மூச்சும் பழகிக்கொள்கிறது. குதிரை ஓட்டத் தெரியாதவர்களும் போகலாம். மலைக்குதிரைகள் குட்டையானவை, நிதானமானவை, கல் பார்த்துக் கால் வைப்பவை. "சூ" என்றால் நடக்கும். நடந்தே போகிறவர்களும் உண்டு. எப்படிப் போனாலும் ஜூலையிலும் இரவில் உறையும் குளிர் வரலாம். தடித்த உடை இல்லாமல் போவது ஆபத்து.

இந்த ஏற்பாடுகளைக் கிராமத்தாரே நடத்தும் முறை கோச்கோரில்தான் வேர்விட்டது. 2000-இல் சுவிட்சர்லாந்தின் ஹெல்வெட்டாஸ் நிறுவனத்தின் உதவியோடு, வீட்டில் தங்க இடம் தருவோர், குதிரைக்காரர்கள், வண்டியோட்டிகள், கூடாரக் குடும்பங்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு குழுவானார்கள். பின்னர் பல ஊர்களில் இத்தகைய குழுக்கள் தோன்ற, 2003-இல் அவை நாடளாவிய சங்கமாக இணைந்தன. வீட்டின் வசதிக்கேற்ப ஒன்று முதல் மூன்று எடெல்வைஸ் (ஒரு மலைப்பூ) பூக்கள் என்று தரம் குறித்தார்கள். விருந்தாளியிடம் பணம் வாங்குவது வெட்கம் என்று வளர்ந்தவர்கள் விலைப்பட்டியல் எழுதக் கற்றுக்கொண்டது சிறிய மாற்றமில்லை. விலை எழுதியிருப்பதால் பேரம் பேசும் சங்கடம் இரு தரப்புக்கும் இல்லாமல் போனது.

ஊருக்கு ஊர் குணம் மாறும். நாட்டின் கிழக்கிலுள்ள கரகோல் நகருக்கும் கிழக்கே இருக்கும் ஜிர்கலான் நிலக்கரி வெட்டிப் பிழைத்த ஊர். சுரங்கத் தொழில் நலிந்த பிறகு நீண்ட நடைப்பயணத்துக்கும் குளிர்காலப் பனிச்சறுக்குக்கும் பெயர் பெற்றிருக்கிறது. தெற்கே அலாய் பள்ளத்தாக்கிலுள்ள சாரி மோகோல் கிராமமே ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 7,134 மீட்டர் உயர லெனின் சிகரம் எதிரே நிற்கும். இசிக் குல் ஏரியின் தென்கரையில் உள்ள பொகன்பாயேவோ, கழுகு வைத்து வேட்டையாடுவோருக்குப் பேர்போனது. அங்கே சுற்றுலாப் பயணிகளுக்காக நடத்தும் காட்சிகளில் உயிருள்ள முயலை விட்டுக் கழுகை ஏவுவதும் உண்டு. மனம் ஒப்பாதவர்கள் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

ஆட்டுடலைப் பறித்துக்கொண்டு குதிரையில் பாயும் 'கோக் போரு' பற்றியும் ஒரு சொல். 2014-இல் இசிக் குல் கரையில் தொடங்கிய உலக நாடோடி விளையாட்டுப் போட்டிகள் அதை உலக மேடைக்குக் கொண்டுவந்தன. 2017-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. பணம் கொடுத்தால் ஒரு குழுவுக்காக ஆடிக் காட்டுவார்கள். ஆனால் கிராமத்துத் திருவிழாவிலோ குடும்ப விருந்திலோ, ஊரே மைதானத்தின் ஓரத்தில் நின்று கத்தும்போது பார்க்கும் ஆட்டம் வேறு. அது வாய்த்தால் திட்டமிட்ட மற்ற எதையும் விட்டுவிட்டு அதைப் பாருங்கள்.

பயணியின் பணமும் புல்லும்

இந்த இடத்தில் எனக்கு ஒரு கவலை உண்டு. மலைக் கிராமத்தில் சேமிப்பு என்றால் கால்நடைதான். ரஷ்யாவில் வேலை செய்யும் பிள்ளை அனுப்பும் பணமும், கூடாரத்தில் தங்கியவர்கள் கொடுத்த பணமும் கையில் மிஞ்சினால் ஆடாகவோ குதிரையாகவோ மாறுவது இயல்பு. ஆடு பெருகினால் புல் குறையும். ஆக, பண்பாட்டைக் காக்கிறது என்று நாம் நம்பும் அதே வருமானம், அந்தப் பண்பாடு நிற்கும் நிலத்தின்மேல் பாரத்தையும் கூட்டக்கூடும். இதற்குப் பயணி குற்றவாளியும் இல்லை, மேய்ப்பரும் இல்லை. மேய்ச்சல் குழுக்கள் வலுவாக இருக்கும் இடங்களில் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க ஒரு வழியாவது இருக்கிறது. 2011-இல் ராம்சர் என்ற பன்னாட்டு ஈரநில உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கப்பட்ட சோங் கோலின் கரையில் பயணிகள் செய்யக்கூடியது மிக எளிது: காரைப் பாதையை விட்டுப் புல்வெளியில் ஓட்டச் சொல்லாதிருப்பது. அந்த உயரத்தில் புல் வளரும் காலம் குறுகியது. ஒரு சக்கரத்தடம் மறைய ஆண்டுகள் ஆகும்.

ஆடாக மாறாத வருமானமும் ஒன்று உண்டு. அது 'ஷிர்தக்'. தறியில் நெய்யாமல், கம்பளியை அடித்துப் பரப்பி, வெந்நீர் ஊற்றி, புல்தண்டில் முடைந்த பாயில் சுருட்டி உருட்டி உருட்டி இறுக்கிய கனத்த விரிப்பை 'கியிஸ்' என்பார்கள். இரண்டு நிற கியிஸை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரே வடிவத்தில் வெட்டி, இதன் துண்டை அதிலும் அதன் துண்டை இதிலும் பொருத்தித் தைப்பார்கள். ஒரே வெட்டில் நிறம் மாறிய இரண்டு ஷிர்தக்குகள் கிடைக்கும், துணுக்குக்கூட வீணாகாது. ஆட்டுக்கிடாயின் கொம்புபோல் சுருளும் கோலம்தான் அதிகம். ஒன்றை முடிக்க மாதக்கணக்கில் ஆகும். மலிவான ஆலைக் கம்பளங்கள் வந்தபின், வயதான பெண்களோடு இந்தக் கலை போய்விடும் என்ற அச்சத்தில், 2012-இல் யுனெஸ்கோ இதை அவசரப் பாதுகாப்புப் பட்டியலில் வைத்தது. கோச்கோரில் பெண்கள் சேர்ந்து நடத்தும் பட்டறைகள் இருக்கின்றன. விலை கூடுதலாகத் தோன்றும். ஆனால் அந்தப் பணம் வேலை செய்த கைக்கு நேராகப் போகிறது.

அக்டோபரில் ஏரிக்குச் செல்லும் பாதைகளைப் பனி மூடத் தொடங்கிவிடும். குதிரைச் சவாரி கிடையாது, கூடாரம் கிடையாது. பயணிகள் வழக்கமாக ஒதுக்கிவிடும் காலம். ஆனால் கீழே, கோச்கோர் வீடுகளில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். கோடையில் பெட்டைக்குதிரை கறந்த பெண்களுக்குக் கை கொஞ்சம் ஓயும் நேரம் அது. அப்போது ஒரு வீட்டில் தங்கினால், தரையில் விரித்த கியிஸ்மேல் சுண்ணக்கட்டியால் கொம்புக் கோலம் வரைந்து, கூர்க்கத்தியால் வெட்டத் தொடங்குவதைப் பக்கத்திலிருந்தே பார்க்கலாம்.